'போன்ற' வந்தால் உவமையா? ஒரு பெயர் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். அரசியல் கட்டுரைகளில் உவமையைக் கண்டறியும் பயிற்சித்தாளைத் திங்களன்று 11ஆம் வகுப்புக்குத் தர வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், மூடி வைத்தவரை ஆறாத கட்டியைத் திறந்து காற்றும் வெளிச்சமும் படவிடுவதுபோல அநீதியையும் வெளிப்படுத்த வேண்டும் என்று வருமிடத்தைப் பிள்ளைகள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். ஆனால், ஒரு தலையங்கத்தில் வந்த 'வறுமை, வேலையின்மை போன்ற சிக்கல்கள்' என்பதையும் பாதிப் பேர் அடிக்கோடிட்டிருந்தார்கள். 'போன்ற' என்னும் உவம உருபு இருந்தும் உவமை இல்லாத இதனை 'வெற்றுருபு' எனலாமா?

* * *

அம்மா, கொம்பு இரட்டைச் சுழியானால் அது 'வேற்றுருபு' ஆகிவிடும்; பிள்ளைகள் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். 'ஒப்பில் போலியும் அப்பொருட் டாகும்' என்று, இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில், ஒப்புமை உணர்த்தாத 'போலும்' போன்ற சொல்லுக்கு 'ஒப்பில் போலி' எனத் தொல்காப்பியர் பெயரே வைத்துவிட்டார். தாளில் புறநானூறு 184ஐயும் சேருங்கள். பாண்டிய மன்னன் அறிவுடை நம்பியிடம் வரியைப் பற்றிப் பேசும் புலவர் பிசிராந்தையார், நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாள் வரும், அதுவே தனித்துப் புகுந்து தின்றால் நூறு வயலாயினும் வாயில் போவதைவிடக் காலில் அழிவதே மிகுதி, அறிவற்ற அரசன் வரி கொண்ட நாடும் 'யானை புக்க புலம்' (யானை புகுந்த வயல்) போலக் கெடும் என்கிறார். அந்த யானையை எடுத்துவிட்டால் அவர் வாதத்தில் மிஞ்சுவது வெறும் அறிவுரைதான். வறுமை சிக்கல்களுள் ஒன்று. யானையோ அரசருள் ஒன்றன்று. வேறுபாடு அவ்வளவே.

* * *

ஐயா, தாங்கள் காட்டும் நூற்பா 'மங்கலம் என்பதோர் ஊருண்டு போலும்' என்பதைப் போன்ற உரையசைக்கு, அதாவது தனிப்பொருளின்றிப் பேச்சில் வரும் அசைச்சொல்லுக்கு, உரியது. தலையங்கத்தின் 'போன்ற' அசையன்று, பொருளுடைய பெயரெச்சம். அதன் இடத்தில் 'முதலிய' என்று இட்டுப் பாருங்கள்: 'வறுமை முதலிய சிக்கல்கள்' நிற்கும், 'யானை புக்க புலம் முதலிய நாடு' நிற்காது. ஆகவே ஓர் இனத்தைச் சுட்டும் உருபு என்ற பொருளில் 'இனச்சுட்டுருபு' என்பதே பொருந்தும். மேலும், போலி மருத்துவரும் போலிச் சான்றிதழும் மலிந்த காலத்தில் 'போலி' என்றால் பிள்ளைகளுக்கு வேறு நினைவுதான் வரும். (நான் எழுதிய முதல் வரியிலேயே ஒரு 'போன்ற' புகுந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.)

* * *

'இனச்சுட்டுருபு' என்பதை என் மாணவர்கள் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள், ஐயா. மூவர் தனிமடலில் 'ஒப்பில் போலி'யை ஆதரித்திருப்பதால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். 'முதலிய' சோதனையைத் தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

* * *

அச்சிடுங்கள், அம்மா. 'போன்ற' அசையன்று என்பதில் மட்டும் எனக்கு மாற்றமில்லை.