விற்ற காரில் கிளட்ச் போய்விட்டதாம், பாதிச் செலவு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

பின்சீட்காரன்:

என் பழைய டீசல் ஹேட்ச்பேக்கை இணையத்தில் விளம்பரம் போட்டு நேரடியாக ஒருவருக்கு விற்றேன். நடுவில் தரகர் யாரும் இல்லை. வாங்கியவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டி வந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார்கள், கீழே குனிந்து பார்த்தார்கள், இருவருமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டும் வந்தார்கள்.

குறைகளை விளம்பரத்திலேயே எழுதியிருந்தேன். பின்டயர் இரண்டும் மாற்ற வேண்டும், ஏசி போட்டால் கம்ப்ரஸரில் கரகரப்பு கேட்கும், இடது கதவில் உரசல் உண்டு. இதற்கெல்லாம் கழித்துத்தான் விலையே சொன்னேன். மறைத்து விற்றுவிட்டு, அந்த ஆளின் நம்பர் போனில் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும் பிழைப்பு நமக்கு ஆகாது.

பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. கொஞ்ச நாளிலேயே போன் வந்தது. குடும்பத்தோடு, சாமான் சட்டியோடு மலைப்பாதையில் போயிருக்கிறார். "சார், மேடு ஏறவே இல்லை. மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது" என்றார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாதியாவது கொடுங்கள். இல்லையென்றால் மோசடிக்காரர் என்று உங்கள் புரொஃபைலில் எழுதுவேன், கேஸும் போடுவேன்" என்கிறார்.

என்னிடம் இருந்தவரை கிளட்ச் வழுக்கியதே கிடையாது. பெரும்பாலும் நான் ஒருவன்தான், அதுவும் சமதளத்தில்தான் ஓட்டினேன். ஆனால் பணம் அனுப்புவதற்கு முந்தைய இரவு அவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதியிருந்தார்: "நீங்கள் சொன்னதைத் தவிர வேறு பெரிய செலவு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்." நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். இப்போது அந்தக் கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே திரும்பத் திரும்ப அனுப்புகிறார். அதற்கு இவ்வளவு மதிப்பு உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கியர்:

ஒரு பைசா கொடுக்காதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவன் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கைமாறியாச்சா, முடிந்தது கதை. பிளாக் பண்ணிவிட்டுத் தூங்கப் போங்க.

கிரீஸ்கை:

பிளாக் மட்டும் பண்ணாதீங்க அண்ணே. பிளாக் பண்ணினால் நீங்கள் ஓடி ஒளிந்த மாதிரி ஆகிவிடும். பணப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: கழற்றிய பழைய பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அவருக்கு இப்போதே எழுதுங்கள். பிளேட்டின் இரண்டு பக்கமும், பிரஷர் பிளேட்டின் முகமும், பிளேட் அழுந்தி ஒட்டும் இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலும், எல்லாம் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாள் முழுக்க கிளட்ச் இறக்குகிறவன் சொல்கிறேன், யார் பொய் சொன்னாலும் கழற்றிய சாமான் சொல்லாது.

போட்டோவில் என்ன பார்க்க வேண்டும் என்றால், பிளேட்டின் லைனிங், அதாவது மேலே பதித்திருக்கும் உராய்வுப் பட்டை, சீராகத் தேய்ந்து ரிவெட் தலை மேலே தெரிந்தால் அது பல வருஷத் தேய்மானம். ஃப்ளைவீலில் நீலம் நீலமாகத் திட்டு இருந்தால் பயங்கரமாகச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். அரை கிளட்சில் காலை வைத்துக்கொண்டே மேட்டில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் அந்தச் சூடு ஒரே நாளில் வந்துவிடும். லைனிங்கில் எண்ணெய் ஊறிப்போய்க் கருகல் நாற்றம் அடித்தால் கதை வேறு. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்கத்தில் எண்ணெயை அடைத்து வைக்கும் ஆயில் சீல் கசிந்து உள்ளே இறங்கியிருக்கும். அது நேற்று ஆரம்பித்ததாக இருக்காது.

இன்னொன்று. தேய்ந்த கிளட்ச் சமதளத்தில், ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டினால் லேசில் வழுக்காது. பாரம் ஏற்றி, மேட்டில், உயர்ந்த கியரில் அழுத்தி மிதிக்கும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே கிளட்சைத்தான் பார்த்திருக்கிறீர்கள், பார்த்த இடம்தான் வேறு.

கூட வந்த மெக்கானிக்கைத்தான் நான் கேட்பேன். ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் பிளேட் முடிந்தது. பார்க்க அரை நிமிஷம் ஆகாது. அதைக்கூடப் பார்க்காமல் பானட்டைத் திறந்து எதைப் பார்த்தார்?

வாய்தா:

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கட்டைவிரல் விஷயத்துக்கு வருகிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் ஒரு குதிரை வருகிறது. தன் குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. சும்மா இருந்ததாலேயே அது குற்றம் ஆகிவிடாது. ஆனால் வாங்குகிறவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அதற்கு விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் அதே 17ஆம் பிரிவில் இதே குதிரை நிற்கிறது.

உங்கள் ஆள் அனுப்பிய வாக்கியத்தை ஒரு முறை திரும்பப் படியுங்கள். கிட்டத்தட்ட அந்தக் குதிரைக்காரர் சொன்னதேதான். நீங்கள் மௌனமாகக்கூட இல்லை, விரலைத் தூக்கிவிட்டீர்கள். 2023இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு நீதிமன்றம், ஆளி விதை ஒப்பந்தத்தின் படம் வந்ததும் அதற்குப் பதில் சொல்லும் விதமாக ஒரு விவசாயி அனுப்பிய கட்டைவிரலை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டது. அங்கே கேள்வி ஒப்பந்தம் உண்டானதா என்பது, இங்கே நீங்கள் குறையை மறைத்தீர்களா என்பது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அதை வெறும் பொம்மைப் படம் என்று தள்ளிவிட முடியாது.

சரி, இப்போது உங்கள் பக்கம். மோசடி என்று சொல்ல வேண்டுமானால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத குறையை மறைக்க முடியாது. அப்புறம் அந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: சாதாரண கவனத்தோடு பார்த்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால், தவறான தகவலையோ மௌனத்தையோ காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. மெக்கானிக்கோடு வந்து ஓட்டிப் பார்த்தார் என்பது அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

பிரிட்டனில் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, தரம் திருப்தியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு வியாபாரிக்கு மட்டும்தான். தனிநபர் விற்றால் அது கிடையாது, ஆனால் விளம்பரத்தில் எழுதிய விவரத்துக்கு வண்டி ஒத்துப்போக வேண்டும். பிரான்ஸ் விற்பவருக்குக் கடினமான இடம். அங்கே குடிமையியல் சட்டத்தின் 1641ஆம் பிரிவுப்படி மறைந்திருந்த பெரிய குறைக்குத் தனிநபரும் பொறுப்பு. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை வழக்குப் போடலாம். தனக்கே தெரியாத குறைக்குப் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்கலாம், அவ்வளவுதான். ஜெர்மனியிலும் தனிநபர் அப்படி எழுதிக்கொள்ளலாம். தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வாசகம் செல்லாது.

போனில் பேசுவதை நிறுத்துங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் விளம்பரம் இன்னும் தளத்தில் இருந்தால் முழுப் பக்கத்தையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்றது என்று குறித்த பிறகு அது எப்போது மறையும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம்ஓனர்:

எல்லாரும் விற்றவருக்கே யோசனை சொல்கிறீர்கள். வாங்கி அடிபட்டவன் பேசுகிறேன். என் வண்டியில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை, நானும் சந்தோஷப்பட்டேன். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு முறை எரிந்து அணைய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் வண்டியில் அது எரியாமல் இருந்ததற்குக் காரணம், விளக்கையே எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் சிலர் வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீட்டை ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டுக் காட்டுவார்கள். அதே ஸ்கேனரில் வண்டி தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று வரிசையாக வந்தால், சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

உங்கள் ஆள் கோபத்தில் கேஸ், மோசடி என்று பேசுவது தப்புதான். ஆனால் குடும்பத்தை வைத்துக்கொண்டு மேட்டில் வண்டி நின்றால் யாருக்கும் வாய் நீளும். அவரை ஏமாற்றுக்காரராகப் பார்க்காதீர்கள் தம்பி.

பின்சீட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கிரீஸ்கை சொன்னபடி எழுதினேன். முதலில் "இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?" என்று சீறினார், அப்புறம் அவரே போட்டோ அனுப்பிவிட்டார். பிளேட்டில் ரிவெட் தலைகள் நன்றாகவே தெரிகின்றன. ஃப்ளைவீலில் நீலத் திட்டும் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லை, காய்ந்த தூசிதான். நான் எப்படி எடுத்துக்கொள்வது?

கிரீஸ்கை:

ரிவெட் உங்கள் காலத்துத் தேய்மானம். நீலம் அந்த மலைப்பாதையில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஏற்கனவே மெலிந்திருந்த பிளேட்டை அவர் மேட்டில் வைத்து வாட்டி முடித்துவிட்டார். சமதளத்தில் நிதானமாக ஓட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும், ஆனால் வெகுகாலம் ஓடியிருக்காது. சீல் கசியவில்லை என்பது உங்களுக்கு நல்லது. கசிந்திருந்தால் வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டு பார்த்திருப்பீர்களே என்று கேட்பார்கள்.

என்னைக் கேட்டால் லேபர் அவருடையது, ஃப்ளைவீல் வேலை இருந்தால் அதுவும் அவருடையது. உங்களுக்கு மனசு வந்தால் பிளேட் விலையில் ஒரு பங்கு கொடுக்கலாம். செட் முழுக்க உங்கள் தலையில் கட்டச் சம்மதிக்காதீர்கள். புது கிளட்ச் போட்ட வண்டியைத்தானே அவர் இனி ஓட்டப் போகிறார்.

வாய்தா:

கொடுப்பதாக முடிவு செய்தால் சும்மா அனுப்பிவிடாதீர்கள். முதலில் எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "குறை எனக்குத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் பேரில் இந்தத் தொகையைத் தருகிறேன். இந்த வண்டி சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சம்மதிக்கிறீர்களா?" அவர் 'சம்மதம்' என்று சொல்லாகவே எழுதட்டும். கட்டைவிரல் வேண்டாம். அந்தப் பதில் வந்த பிறகு பணம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஓடிய கிலோமீட்டர், இரண்டாவது பெயர் மாற்றம், வழியில் விழுந்த அபராதம் என்று இதைவிடப் பெரிய தலைவலி அது.

பின்சீட்காரன்:

பிளேட் விலையில் பாதி தருகிறேன் என்று வாய்தா கொடுத்த வாசகத்தை அப்படியே அனுப்பினேன். பேரிங்கையும் சேர்க்கச் சொன்னார், முடியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து 'சம்மதம்' என்று வந்தது, பணத்தை அனுப்பிவிட்டேன். கம்ப்ரஸர் கரகரப்புக்கு யாரிடம் காட்டலாம் என்று இப்போது என்னிடமே யோசனை கேட்கிறார்.