ஆவணிக் கடைசியில் மேற்கே மின்னல்: உப்பு வாருவதை எப்போது நிறுத்துவது?

உப்பளத்தான் (வேதாரண்யம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு எடுத்து உப்பளம் நடத்துகிறேன். அப்பா காலத்தில் கணக்கு எளிது. தை பிறந்தால் பாத்தியைச் சீர் செய்வார், புரட்டாசி பிறந்ததும் உப்பைக் குவித்த அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பார். இன்றைக்கு அந்தக் கணக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசி வாரங்களில் வாரும் உப்புதான் குத்தகையும் கூலியும் போக என் கையில் நிற்பது.

இந்த ஆவணியில் பகல் முழுக்க மேலக்காற்று அனலாக அடிக்கிறது. உப்புக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. காலையில் பாத்திக்கு விட்ட தண்ணீர் மாலைக்குள் ஓரங்களில் பூக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் நான்கு மணிக்கு மேல் மேற்கே கறுக்கிறது. சில நாள் அது அப்படியே கலைந்து போகிறது. சில நாள் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வந்து அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறது. போன வாரம் அப்படிப் பெய்ததில், மறுநாள் வாரலாம் என்று வைத்திருந்த கிழக்கு வரிசை முழுக்கக் கரைந்தது. விடிந்ததும் இறங்கிப் பார்த்தேன். காலுக்கு அடியில் நறநறவென்று இருக்க வேண்டிய தரை வழுக்கியது.

வியாபாரி, "இந்த ஆண்டு மழை முந்தும், கேட்கிற விலைக்கு இப்போதே கொடுத்துவிடு" என்கிறார். அவருக்கு எல்லா ஆண்டும் மழை முந்தத்தான் செய்கிறது. கைப்பேசியைத் திறந்தால் ஒருவர் எல் நினோ என்கிறார், அடுத்தவர் லா நினா என்கிறார், மூன்றாமவர் நவம்பரில் இந்தத் தேதியில் புயல் என்று நாள் குறித்தே கொடுத்துவிடுகிறார்.

இந்த இரவு மழை பருவமழை முந்துவதன் அறிகுறியா? வடகிழக்குப் பருவமழை முன்கணிப்பை வைத்து, செப்டம்பர் பாதியில் மூடுவதா, அக்டோபர் முதல் வாரம்வரை ஓட்டுவதா என்று முடிவு செய்ய முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடிக்கரைவாசி:

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்? இது வழக்கமாக வருவதுதான் அண்ணே. எங்கள் பக்கம் பூநாரை முந்தி வந்து இறங்கினால் அந்த ஆண்டு மழை பலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்னும் ஒன்றும் கண்ணில் படவில்லை. அக்டோபர்வரை ஓட்டுங்கள்.

மழைமானி:

தம்பி, நீங்கள் இரண்டு வேறு மழைகளை ஒரே முடிச்சில் போட்டிருக்கிறீர்கள். இப்போது இரவில் பெய்வது ஒன்று, ஐப்பசியில் வரப்போவது இன்னொன்று. முன்னதைப் பார்த்துப் பின்னதைச் சொல்ல முடியாது. வியாபாரியின் சோதிடத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் இப்போதைய மழை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிடுகிறது. மலையைத் தாண்டி நமக்கு வருவது காய்ந்த மேலக்காற்று. அது தரையைச் சுட வைக்கிறது. நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையப் பார்க்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேதான் இடிமேகம் கிளம்புகிறது. செய்திகளில் வெப்பச்சலனம் என்று சொல்வது இதைத்தான்.

மேகம் கிளம்பும் இடம் பெரும்பாலும் உள்ளே தள்ளி இருக்கும். உங்களுக்கு நேரே என்றால் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அங்கே மாலையில் பெய்வது உங்களுக்கு இரவில் வந்து சேர்கிறது. வரும் வழியில் தரை ஆறிவிட்டால் மேகத்துக்குத் தீனி இல்லை, கலைந்துவிடும். உங்கள் ஊருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, கரை அங்கே மூலை திரும்புகிறது. இரண்டு பக்கமிருந்தும் கடற்காற்று ஏறுவதால், எந்த நாள் எங்கே முட்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து ஊரில் சொட்டு விழாமல் உங்கள் பாத்தி மட்டும் கரைவது இப்படித்தான்.

இதற்கு ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பருவமழையின் தாழ்வழுத்தப் பள்ளம், அதாவது வட இந்தியாவுக்குக் குறுக்கே காற்றழுத்தம் குறைந்து கிடக்கும் பட்டை, இமயமலை அடிவாரத்துக்கு ஏறிக்கொண்டால் நடு இந்தியா காயும், நமக்கு இடிமழை கூடும். ஆகஸ்டில், செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் மழை ஓய்ந்துவிட்டது என்று செய்தி படித்தால், அந்த வாரம் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மழை கொட்டும் வாரத்தில் உங்களுக்குப் பெரும்பாலும் வெயில்தான்.

அடுத்து, முன்கணிப்பு. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வடகிழக்குப் பருவமழை முன்கணிப்பை வெளியிடும். தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளையும் சேர்த்து, அக்டோபர் முதல் டிசம்பர்வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்வது அது. நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம்வரை எது பெய்தாலும் 'இயல்பு'. அதுவும் இயல்பைவிடக் கூடுதலாகப் பெய்ய இத்தனை வாய்ப்பு, குறைவாகப் பெய்ய இத்தனை வாய்ப்பு என்று விகிதமாகத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நேர்மையான செய்தி. அதில் அகஸ்தியம்பள்ளியைத் தேடுவதுதான் தவறு. பசிபிக் கடலின் சூட்டை வைத்து உங்கள் அம்பாரத்துக்கு நாள் குறிக்கும் காணொளிக்காரரை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை இளைத்து, வடகிழக்கு கொழுப்பது பொதுவான போக்கு. 2015 எல் நினோ ஆண்டு, சென்னை மூழ்கியது. அந்தக் கடல் குளிரும் லா நினாவில் நமக்கு மழை குறையும் என்பார்கள். 2021 லா நினா ஆண்டுதான், நவம்பரில் தமிழ்நாட்டில் மழை வெளுத்து வாங்கியது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாக இருந்தால் நமக்கு நல்லது, எதிர்மாறாக இருந்தால் கெடுதல் என்பது இன்னொரு கணக்கு. 2016இல் அது எதிர்மாறாகவே இருந்தது, மழையும் 62 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே 2016 டிசம்பர் 12 அன்றுதான் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தது.

உங்களுக்கு இதைவிட நெருக்கமான ஆண்டு 2018. தமிழ்நாட்டுக் கணக்கில் அது பற்றாக்குறை ஆண்டு, இயல்பைவிட 24 சதவீதம் குறைவு. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரையேறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரிலேயே "இந்த ஆண்டு மழை குறைவு" என்று ஒருவர் துல்லியமாகச் சொல்லியிருந்தாலும், அதை நம்பி அம்பாரத்தை மூடாமல் விட்டவருக்கு என்ன பயன்?

ஆகவே முன்கணிப்பைச் சரக்குக்கும் பணத்துக்கும் பயன்படுத்துங்கள், நாள் குறிக்கப் பயன்படுத்தாதீர்கள். கூடுதல் மழைக்கு வாய்ப்பு என்று வந்தால் மழைக்காலம் முழுக்கச் சரக்கை வைத்திருக்கும் எண்ணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அம்பாரத்தின் அடிமேட்டை உயர்த்துங்கள், தார்ப்பாயைக் கூடுதலாக வாங்குங்கள்.

நிறுத்தும் நாளைக் காற்றிடம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி. அக்டோபர் 10க்கு முன்னால் தொடங்கியதாக அறிவிக்கும் வழக்கமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று விலகி, நம் கரையில் கீழைக்காற்று நிலைத்து, மழையும் பரவலாக வந்தால்தான் அறிவிப்பார்கள். உங்களுக்கு அறிவிப்புவரை காத்திருக்க முடியாது. மேலக்காற்று தளர்ந்து, காலையிலேயே வடகிழக்கிலிருந்து காற்று வந்து, ஓரிரு நாளில் மாறாமல் அப்படியே நின்றால் கடையைக் கட்டுங்கள். அதற்குப் பிறகு வரும் மழை கடலிலிருந்து வரும், பின்னிரவிலும் விடியற்காலையிலும் பெய்யும். மேற்கே மின்னி உங்களுக்கு நான்கு மணி நேர அவகாசம் கொடுக்காது.

அதுவரை, செப்டம்பர் முழுக்க வாருங்கள் என்பதே என் கருத்து. ஆனால் கனமாகத் திரளட்டும் என்று விட்டுவைக்காமல் மெல்லிசாக இருக்கும்போதே அடிக்கடி வாருங்கள். காரைக்கால் ரேடார் உங்களுக்குப் பக்கம்தான். மாலை நான்கு மணிக்கு அந்தப் படத்தைப் பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் மேகக்கூட்டம் கிளம்பிக் கிழக்கே நகர்ந்தால், அன்று வாரக்கூடியதை அன்றே வாரிவிடுங்கள்.

கோடிக்கரைவாசிக்கு: பூநாரை தான் புறப்பட்ட ஊரின் நிலவரத்தைப் பார்த்துக் கிளம்பி வருகிறது. நம்மூர் நவம்பரை அது எங்கே பார்த்தது?

கோடிக்கரைவாசி:

பறவைக்கும் தெரியாது, வானிலைத் துறைக்கும் முழுசாகத் தெரியாது என்றால் பறவையை மட்டும் ஏன் ஐயா திட்டுகிறீர்கள்?

முத்துநகர் உப்பு:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தென்மேற்குக் காலத்தில் மழை மிகக் குறைவு, புரட்டாசியிலும் பயமில்லாமல் வாருவோம். அதனால் நாள் விஷயத்தில் எங்கள் பழக்கம் உங்களுக்கு ஒத்துவராது. மழை பெய்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்கிறேன்.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் நல்ல தண்ணீர். ஆனால் அது விழுந்ததும் உப்புத் தண்ணீரோடு கலந்துவிடாது. உப்புச் செறிவை அளக்கும் பாமே கணக்கில் 25 டிகிரித் தண்ணீர் கனமானது, மழைநீர் லேசானது, மேலேயே மிதக்கும். அண்ணாச்சி, மழை விட்டதும் விளக்கை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி நடப்பதுதான் பெரிய கெடுதல். நீங்களே கலக்கிவிடுகிறீர்கள். வரப்பில் நின்றபடியே மடையின் மேல்பக்கத்தை மட்டும் லேசாக வெட்டி, மேல்தண்ணீரை வடித்துவிடுங்கள். காற்று எழும்புவதற்குள் இது முடிய வேண்டும். வெயில் ஏறி மேலக்காற்று அலையடித்துவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும், அப்புறம் புதிதாகக் காய்ச்ச வேண்டியதுதான்.

வடித்த பிறகு டிகிரி பாருங்கள். 20க்குக் கீழே இறங்கிவிட்டால் அதைப் பாத்தியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பின்னால் இருக்கும் பாத்திக்கே திருப்பி இறைத்துவிட்டு, தெப்பத்தில் (ஆழமான சேமிப்புப் பாத்தியில்) இருக்கும் கனத்த தண்ணீரைப் புதிதாக விடுங்கள். இதற்காகவே ஆவணி, புரட்டாசியில் ஒரு பாத்தியில் ஆழமாகக் கனத்த தண்ணீர் சேர்த்துவைப்போம். ஆழம் கூடக்கூட மழை அதைக் கெடுப்பது குறையும்.

தாளடி (தலைஞாயிறு):

உப்புக்காரர்களுக்கு மட்டும் இல்லை இந்தத் தலைவலி. குறுவை அறுப்பு இதே நாள்களில்தான். இரவு மழையில் நனைந்த நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். அதே மழைதான் சம்பா நாற்றுக்கு உயிர் கொடுக்கிறது. பெய்தால் அழுவதா சிரிப்பதா என்று வயலுக்கு வயல் மாறுகிறது. மழைமானி ஐயா சொன்ன ரேடார் படத்தைப் பார்த்து அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவிடலாம் என்றால், இயந்திரம் நாம் சொல்கிற நாளில் எங்கே வருகிறது?

உப்பளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மடையை மேலாக வெட்டும் யோசனை எங்கள் பக்கமும் உண்டு, ஆனால் இரவில் மழை விட்டதுமே இறங்கிப் பார்க்கும் பழக்கத்தை ஆட்களிடம் மாற்ற வேண்டும். மெல்லிசாக வாரினால் குறுணையாக வருகிறது, விலை கொஞ்சம் குறையும். கரைந்து போவதற்கு அது மேல் என்று இப்போது தோன்றுகிறது.

பாதிச் சரக்கை இந்த வாரமே கொடுத்துவிட்டு, மீதிக்கு அடிமேடு உயர்த்தப் போகிறேன். மூடுவது காற்று திரும்பியதும்.

இரண்டு சந்தேகம் இருக்கிறது ஐயா. நேற்றிரவு பத்து மணிக்குப் பெய்த மழை செய்தியில் இன்றைய கணக்கில் வந்திருக்கிறது, ஏன்? மாலை நான்கு மணிக்கு ரேடார் படத்தைத் திறந்தால் காலை பத்தரை என்று நேரம் காட்டுகிறது. பழைய படமா அது?

மழைமானி:

மழைக்கணக்கு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணிவரை. அளந்து பதிவு செய்வது முடிகிற நாளின் பெயரில். அதனால் நேற்றிரவு மழை இன்றைய தேதியில் வரும். உங்கள் பாத்திக்கு அருகில் ஒரு மழைமானி வைத்து நீங்களும் அதே நேரத்தில் அளந்து எழுதிவைத்தால் செய்தியோடு ஒப்பிடலாம். நேரான சுவருள்ள டப்பாவும் அளவுகோலும் இருந்தாலே போதும். மரத்தடியில் வைக்காதீர்கள்.

ரேடார் படம் பழையது இல்லை. ஓரத்தில் யூடிசி என்று போட்டிருக்கும், அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.