இயற்கை முறையில் திராட்சை, சொந்தமாக ஒயின்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நண்பரின் தங்கை பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இயற்கை முறையில் திராட்சை பயிரிடுகிறார், ஒயினும் அவரே தயாரிக்கிறார். அறுவடைக்குக் கூடமாட உதவப் போயிருந்தேன். ஒரு ஹெக்டேர்கூட வராத தோட்டம்.

இயற்கை முறை என்றால் மருந்தே அடிக்கமாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நான் போன உடனேயே அவர் அதைத் தெளிவாக்கிவிட்டார். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, சாம்பல் நோய்க்குக் கந்தகம். இரண்டுக்கும் இயற்கை வேளாண்மையில் அனுமதி உண்டு. ஆனால் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த மருந்துகள் இலையின் மேலேதான் நிற்கும், உள்ளே இறங்காது. நல்ல மழை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நோய் பிடித்தபின் அடித்தும் பலனில்லை. அதனால் அவர் விடிந்ததும் வரிசை வரிசையாக நடக்கிறார். இலையின் மேல் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டு தெரிந்தால் சட்டென்று திருப்பிப் பார்க்கிறார். அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் அடிச்சாம்பல் வந்துவிட்டது. குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக்கொண்டே, "காத்து உள்ள போனா பாதி மருந்து மிச்சம்" என்றார். இவ்வளவு கவனமாக ஒரு பயிரைப் பார்க்கிறவரை நான் கண்டதில்லை.

பணம்தான் பெரிய பாரம். கொடி நட்டு மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்ப்பு. பல நாடுகளில் இயற்கை முறைச் சான்றிதழுக்கும் 3 ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அதுவரை செலவு மட்டும்தான்.

அப்புறம் நொதிப்பு. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி, கெட்டியான அடுக்காக்கிவிடும். அதைக் காயவிட்டால் புளிக்காடி வாடை வந்துவிடும். அதனால் நீளக் கட்டையால் நாளுக்குச் சில தடவை அமுக்கி நனைக்கிறார். எனக்கும் கட்டையைக் கொடுத்தார். முதல் அமுக்கிலேயே தோள் வலித்தது. கதவையும் சன்னலையும் திறந்து வைக்காமல் அந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார். தேங்கும் கரியமில வாயு ஆளையே மயக்கிவிடும்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன மருந்து விஷயம்போலத்தான் ஒயினில் சேர்க்கும் கந்தகமும். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரும் சிறிய அளவில் இயற்கை ஒயின் செய்கிறார். புட்டியில் அடைக்கும்போது, ஒயின் கெடாமல் இருக்க சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார், அதை மறைப்பதும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி இயற்கை முறைச் சிவப்பு ஒயினில் பொதுவாக லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு 150. அமெரிக்காவில் 'ஆர்கானிக் ஒயின்' என்று போட வேண்டுமானால் சேர்க்கவே கூடாது. ஆனால் ஈஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும். அதனால் 'சல்ஃபைட்டே இல்லை' என்று விற்பவர்களைவிட, 'நான் இவ்வளவு சேர்த்தேன்' என்று சொல்லும் இவரைத்தான் நான் நம்புவேன்.

சிவப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு தொட்டியில் மட்டும் சல்ஃபைட் சேர்க்காமல் வைத்துப் பார்த்தாராம். சிவப்பு தாங்கியது, வெள்ளை ஒயின் பழுப்பேறிவிட்டது. வெள்ளையை அப்படிச் செய்து நல்லபடியாக எடுத்தவர்களைச் சந்தித்தவர்கள் இருந்தால், காற்றுப் படாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டும்.