டைம் சர்வர் ஓடுகிறது, நேரம் மட்டும் போய்ச் சேரவில்லை: உங்கள் அனுபவம்?

கப்பலூர்க்காரன்:
மில் கேட்டில் ரெண்டு பஞ்சிங் மெஷின். ஒன்று ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடும். ஷிப்டுக்குத் தாமதமாக வருகிறவர்கள் எல்லாம் அதில்தான் வரிசை கட்டுவார்கள். பக்கத்து மெஷின் ஈ ஓட்டும். இதற்காகவே பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு மற்ற மெஷின்களுக்கு நெட்வொர்க் வழியாக நேரம் கொடுக்கும் க்ரோனி என்ற மென்பொருளை வைத்தோம். அது தன் நேரத்தைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. மெஷின்கள்தான் வாங்கவில்லை. பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, நேரம் போகவில்லை. சர்வீஸ் ஆள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். கடைசியில் பார்த்தால், நாமாகச் சொல்லாமல் க்ரோனி யாருக்கும் நேரம் கொடுக்காது. கான்ஃபிக் ஃபைலில் ‘அலோ’ என்று ஒரு வரி, ஃபயர்வாலில் நேரம் போகிற போர்ட்டான யூடிபி 123, ஒரு ரீஸ்டார்ட். மறுநாள் ரெண்டிலும் ஒரே நேரம். வரிசையில் நின்ற ஒரு அண்ணன் என்னைப் பார்த்து, “நல்லா இருப்பீங்க தம்பி” என்றார். வாழ்த்தா வசவா என்று இன்னும் பிடிபடவில்லை.

பரங்குன்றம்_நெட்:
வெறும் ‘அலோ’வா? அப்படிப் போட்டால் கேட்கிற எல்லாருக்கும் கொடுக்கும். மில்லின் ஐபி முகவரி ரேஞ்சை மட்டும் எழுதுங்கள். 2014-ல் ஒரு காலேஜில் வெளியிலிருந்து யாரும் எட்டக்கூடிய பப்ளிக் ஐபியில் பழைய என்டிபிடி (க்ரோனி மாதிரி இன்னொரு டைம் சர்வர் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தது. ‘மான்லிஸ்ட்’ என்று சின்னதாக ஒன்று கேட்டால், கடைசியாக வந்த 600 பேர் வரை முகவரியைக் கொட்டிவிடும். எவனோ அடுத்தவன் முகவரியைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான். பதிலெல்லாம் எங்கள் லைன் வழியாக அந்த அடுத்தவன் தலையில். லேபில் ஆளே இல்லை, ரவுட்டர் விளக்கு மட்டும் நிற்காமல் துடிக்கிறது.

கப்பலூர்க்காரன்:
அது என்டிபிடி அண்ணே. க்ரோனியில் மான்லிஸ்டே கிடையாது. எங்கள் பெட்டிக்குப் பப்ளிக் ஐபியும் இல்லை.

பரங்குன்றம்_நெட்:
இன்றைக்கு இல்லை. நாளைக்கு எவனாவது போர்ட் ஃபார்வர்டு போட்டு வெளியே திறந்துவிடுவான்.

வார்டு_ஐடி:
சண்டை இருக்கட்டும். குழந்தை பிறந்தபோது பிரசவ வார்டு சுவர்க் கடிகாரத்தில் இரவு 11:57, கம்ப்யூட்டரில் 12:03. தேதியே மாறுகிறது. அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்த நேரத்தை வச்சுய்யா ஜாதகம் எழுதுறது?” என்றார். காரணம், வார்டின் தனி நெட்வொர்க்குக்கான (விலான்) ஃபயர்வால் ரூலில் வெண்டர் 123-ஐ யூடிபிக்குப் பதில் டிசிபி என்று போட்டிருந்தார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நெட்வொர்க்கில் நேரம் கொண்டுபோகும் என்டிபி முறை யூடிபியில்தான் ஓடும். பிங் போவதை நம்பாதீர்கள். சர்வரில் ‘க்ரோனிசி கிளையன்ட்ஸ்’ அடித்தால் யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியும். சர்வருக்கு வருவதையும் போவதையும் காட்டும் டிசிபிடம்ப்பில் கேள்வி வந்து பதில் போகவில்லையா, ‘அலோ’ வரியைப் பாருங்கள். கேள்வியே வரவில்லையா, வழியில் ஃபயர்வால். ரெண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் வெளியே போகும் வழியான டீஃபால்ட் கேட்வே ஒன்றில் மட்டும். நேரம் மிகச் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால் நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம். என்டிபி அனுப்புவது யூடிசி என்ற உலகப் பொது நேரம்தான், டைம்சோனை அந்தந்த மெஷினில் போட வேண்டும். அப்புறம், உங்கள் டைம் சர்வர் மேலேயிருந்து நேரம் வாங்குவதற்கு டெல்லி என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) அல்லது என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) சர்வர். 2022 ஏப்ரல் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவும் அதைத்தான் சொல்கிறது.

செல்லூர்_சர்வர்:
அதெல்லாம் சரி, அப்பத்தாவுக்கு என்ன சொன்னீர்கள்?

வார்டு_ஐடி:
போனை வைத்துக் கணக்குப் போட்டேன். கம்ப்யூட்டர் நாலு நிமிஷம் வேகம், கடிகாரம் ரெண்டு நிமிஷம் மெதுவு. 11:59 என்று வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவையே கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.