மே கடைசியா, டிசம்பர் கடைசியா? காரைக்குடிப் பக்கமிருந்து கடலுக்குப் போக எந்தக் கரை நல்லது?

பள்ளத்தூர் மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். மே கடைசி வாரம் லீவு எடுக்கலாம், இல்லையென்றால் கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம். இரண்டில் ஒன்றை இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். மூன்று ராத்திரி எங்காவது கடற்கரையில் தங்க ஆசை. அவருக்குக் கோவளம் அல்லது வர்க்கலை. மாமியாருக்கு ராமேஸ்வரம். நாத்தனார் மகாபலிபுரம் வரச் சொல்கிறார்.

பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, ஊருணியில்கூட இறங்கியதில்லை. ஆனால் தண்ணீரில் ஆசை தீர விளையாட வேண்டும் என்று இப்போதே பிடிவாதம். மாமியாருக்கு முட்டிவலி, படி இறங்க முடியாது. இரண்டு கரையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல்–எர்ணாகுளம் சொன்னது:

நான் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன். அழகு என்று பார்த்தால் மேற்குக் கரைதான். சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், நம் பக்கம் அதற்கு வழியில்லை. வர்க்கலையில் செங்குத்தான செம்மண் பாறைக்குக் கீழே கடல், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் விடுதிகள் பாதிக்கு மேல் பாறை உச்சியில்தான், கடலுக்கு இறங்கப் படிகள். முட்டிவலிக்காரருக்கு ஆலப்புழை தேவலை. தரை சமம், 1862ல் கட்டிய பழைய கடற்பாலத்தின் மிச்சத் தூண்கள் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே காரில் போய் இறங்கலாம்.

காரைக்குடியிலிருந்து ரயிலே இருக்கிறது. வேளாங்கண்ணி–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் காரைக்குடி, மானாமதுரை, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வருகிறது. தினசரி கிடையாது, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். மே கடைசி என்றால் குடை கட்டாயம்.

தேவகோட்டை வேன் சொன்னது:

ஆச்சி, நான் தேவகோட்டையில டிராவல்ஸ் வேன் ஓட்டுறேன். ரெண்டு கரைக்கும் குடும்பங்களைக் கூட்டிட்டுப் போய் வர்றதுதான் பிழைப்பு. எது அழகுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நீச்சல் தெரியாத பிள்ளைங்க இறங்கணும்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப காத்து எந்தப் பக்கமிருந்து வீசுற மாசம்னு முதல்ல பாக்கணும், ஊரை அப்புறம் பாக்கலாம்.

தென்மேற்குப் பருவமழை கேரளாவில இறங்குற வழக்கமான தேதி ஜூன் 1. மழை நாலு நாள் முன்னப் பின்ன வரட்டும், கடல் அதுக்கு முன்னாலயே முறுக்கிக்கும். அந்தக் கரையில 'கள்ளக்கடல்'னு ஒண்ணு சொல்வாங்க. இங்க காத்தே இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். தெக்கே ரொம்பத் தூரத்துல இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை நாள்கணக்கா ஓடிவந்து திடீர்னு கரையில ஏறும். ஏப்ரல், மே மாசங்கள்ல கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசோட இன்காய்ஸ் மையம் இதுக்கு எச்சரிக்கை விடுறதைக் கேட்டிருப்பீங்க, கன்னியாகுமரிக் கரைக்கும் சேத்துத்தான் விடுவாங்க.

கோவளத்துலயும் வர்க்கலையிலயும் உயிர்காக்குறவங்க நிக்கிறாங்க, சிவப்புக் கொடி நட்டா இறங்க விடமாட்டாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா நம்ம சனம் அலை உடையாத இடமாப் பாத்து, 'இங்க அமைதியா இருக்கு'ன்னு பிள்ளையை இறக்கிவிடும். அதைப் பாக்குறப்பெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ரெண்டு பக்கமும் நுரை தள்ளி, நடுவுல மட்டும் அலை உடையாம, தண்ணி கருத்து, கலங்கின மணல் வெளிய போற மாதிரித் தெரிஞ்சா அதுதான் இழுவை. கரைக்கு வந்த தண்ணி மொத்தமும் திரும்பிப் போற வாய்க்கால் அது. மாட்டினவங்க கரையைப் பாத்து நீந்துனா களைச்சுப்போவாங்க, பக்கவாட்டுல நீந்தி விலகணும். ஆறு வயசுப் பையனுக்கு இதை எப்படிச் சொல்றது? அதனால மே மாசம் அந்தப் பக்கம் வேண்டாங்கிறேன்.

மே மாசத்துக்கு நம்ம பாக் நீரிணைப் பக்கம் போங்க. இலங்கை குறுக்கே கிடக்கிறதால பெரிய கடலோட அலை உள்ள வராது, ஆழமும் குறைவு. தென்மேற்குக் காத்து நிலத்துலயிருந்து கடலைப் பாத்து வீசுறதால தண்ணி இன்னும் அடங்கிக் கிடக்கும். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளிக்குப் பக்கத்துல அரியமான் இருக்கு, சவுக்கு மர நிழலும் உண்டு. ரொம்ப தூரம் நடந்து போனாலும் பெரியவங்களுக்கு இடுப்பளவுதான் தண்ணி இருக்கும். ஒண்ணே ஒண்ணு: காத்தடிச்ச டியூப், மிதவை எதுவும் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க. நிலக்காத்து சத்தமில்லாம உள்ள தள்ளிட்டுப் போயிடும். அலையில்லாத கடல்ல ஆபத்து அப்படித்தான் வரும்.

பெரிய ஆச்சிக்கும் இந்த வழிதான் மனசுக்கு ஒத்துவரும். தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, அங்கயிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. வழியில உப்பூர் வெயிலுகந்த பிள்ளையார், அப்புறம் தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாண நவக்கிரகம். மறுநாள் ராமேஸ்வரம். பாம்பன்ல 1914ல கட்டின பழைய ரயில் பாலத்துக்குப் பதிலா 2025ல திறந்த புதுத் தூக்குப் பாலத்தைப் பிள்ளைங்க ரோட்டுப் பாலத்துலயிருந்தே பாத்துக்கலாம்.

தனுஷ்கோடிக்குக் காலையிலயே போயிடுங்க, இருட்டுறதுக்குள்ள எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. இங்க ஒரு பக்கம் பாக் நீரிணை, அது பெண்கடல். இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல். மே மாசம் அந்தத் தெக்குப் பக்கம் உறுமிக்கிட்டுக் கிடக்கும். அரிச்சல்முனையில நின்னு பாருங்க, கால்கூட நனைக்க வேண்டாம்.

பள்ளத்தூர் மருமகள்:

அண்ணே, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அப்படியானால் டிசம்பரில் போனால் கோவளம் சரிதானா என்கிறார். மகாபலிபுரம் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனாருக்குப் பதில் சொல்லிவிடுவேன். மேயில் மீன்பிடித் தடை இருக்குமே, சாப்பாட்டுக்கு மீன் கிடைக்குமா?

தேவகோட்டை வேன்:

டிசம்பர்னா அய்யா சொல்றது சரி, கேரளாவுக்குப் போங்க. அப்ப வாடைக்காத்து. நம்ம பாக் நீரிணை கலங்கிப் பழுப்பா இருக்கும், அலையும் ஏறும். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதும் 1964 டிசம்பர்லதான். அதே வாடை அந்தக் கரையில நிலத்துலயிருந்து வீசுறதால அரபிக் கடல் நல்லா அடங்கியிருக்கும், தண்ணி தெளிவா இருக்கும். அப்பவும் கொடி பாத்துத்தான் இறங்கணும்.

கூட்டத்தையும் கணக்குல வைங்க. டிசம்பர் 30லயிருந்து ஜனவரி 1 வரைக்கும் வர்க்கலையில நாராயண குரு சமாதிக்கு வர்ற சிவகிரி தீர்த்தாடனம், மஞ்சள் துணி கட்டின பக்தருங்களால ஊரே நிறைஞ்சிருக்கும். செங்கோட்டை–புனலூர் ரோட்டுல ஐயப்பசாமிங்க வண்டி மகரவிளக்கு வரைக்கும் குறையாது. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக் கோவளம் போறது வண்டிக்கு லேசு. விடியக் கிளம்பினாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டும், கட்டுச்சோறு கட்டிக்கங்க. ரூம் வாடகை அந்த வாரம் உச்சத்துல இருக்கும்.

மகாபலிபுரத்துக்குப் பல்லவர் சிற்பத்தைப் பாக்கப் போங்க, குளிக்கப் போகாதீங்க. அது திறந்த வங்கக் கடல். கரையை ஒட்டியே அலை உடைஞ்சு அடிமணலைப் பறிக்கும்.

மீனுக்குக் கவலை வேண்டாம். ஏப்ரல் 15லயிருந்து ஜூன் 14 வரைக்கும் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரங்க போவாங்க. வெலை கூட இருக்கும், ஆனா அன்னைக்குப் பிடிச்சது அன்னைக்கே கிடைக்கும். காலையில கரைக்குப் போனா ஊழி, விளை, நண்டு, கணவாய்னு துள்ளத்துள்ள வாங்கலாம்.

தொண்டி வாத்தியார் சொன்னது:

வேன்காரத் தம்பி சொன்ன வழியில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டியைத் தாண்டியதும் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பாட்டியும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். படகில் ஏற ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கரையில் பழுப்பு நிறத்தில் நார்நாராக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்துக் குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம். அது கடல் புல். அதைத்தான் ஆவுளியா மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அந்தக் கடல் பசுவுக்கென்றே 2022ல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். எங்கள் கடல் பெரிய அலை காட்டாது, ஆனால் உள்ளே அத்தனை உயிர் இருக்கிறது.

சொறி, அதாவது ஜெல்லி மீன், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் தொடக் கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தரையில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடக்கச் சொல்லுங்கள். அது விலகிப் போய்விடும்.

பள்ளத்தூர் மருமகள்:

மே கடைசி என்றே முடிவு செய்துவிட்டோம். முதல் இரண்டு ராத்திரி ராமநாதபுரம், மூன்றாவது ராமேஸ்வரம். மாமியார் உப்பூர் பிள்ளையார் பெயரைக் கேட்டதும் தேங்காய்க்குக் காசு முடிந்து வைத்துவிட்டார். வீட்டுக்காரரின் சூரிய அஸ்தமனத்துக்கு இன்னொரு டிசம்பர் வரட்டும். அரியமானில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் மாமியாரால் நடக்க முடியுமா அண்ணே?

தேவகோட்டை வேன்:

தூரம் அதிகமில்லை ஆச்சி, ஆனா புதையிற மணல் முட்டிக்கு ஆகாது. கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு வண்டியில போட்டுக்கங்க. சவுக்கு நிழல்ல, பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி போட்டுக் குடுத்துடுங்க. காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க, பத்து மணிக்கு மேல மே மாச வெயில்ல மணல்ல கால் வைக்க முடியாது.