ஜிப்சி ரோல் கேஜில் ஹைலிஃப்ட் ஜாக்கி மாட்டும் ஸ்டாண்டு: நாமே செய்வது எப்படி?

கரட்டுமேடு:
வணக்கம் நண்பர்களே. வண்டி மாருதி ஜிப்சி, சாஃப்ட் டாப் (துணிக்கூரை). 48 இஞ்ச் ஹைலிஃப்ட் ஜாக்கியை (ஓட்டைகள் உள்ள நீளத் தண்டில் ஏறி வண்டியைத் தூக்கும் ஜாக்கி) பின்னால் தரையில் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். மேடு ஏறினாலே உருள்கிறது. ரோல் கேஜின் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு) பின்பக்கக் குறுக்குப் பைப்பில் படுக்கையாக மாட்ட எண்ணம். பைப் ‘ஒன்றரை இஞ்ச்’ என்று சொல்லி வாங்கியது. எந்தக் கனத்தில் பட்டை போடுவது, எந்த போல்ட்டு? கேஜிலேயே நேராக வெல்டிங் போட்டுப் பற்ற வைத்துவிடலாமா? கடகட சத்தம் வராமல் இருக்க என்ன வழி?

கிளாம்ப்பும் கிரைண்டரும்:
கேஜில் பற்ற வைக்கவே வைக்காதீர்கள். பற்று விழுந்த இடத்தை ஒட்டித்தான் பைப்பில் விரிசல் கிளம்பும். வண்டி உருண்டால் உயிரைக் காக்க வேண்டிய பைப் அது. கிளாம்ப் போட்டுக் கட்டுவதே சரி.

அடுத்து அளவு. இரும்புக் கடையில் ‘ஒன்றரை இஞ்ச் பைப்’ என்றால் அதன் வெளிவிட்டம் 38 மிமீ இல்லை, 48.3 மிமீ. ஒன்றரை என்பது உள்துளையை வைத்து வந்த பெயர். டியூப் என்று கேட்டு வாங்கியிருந்தால்தான் வெளியளவு 38. வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டுக் கிளாம்ப் வாங்குங்கள். 48.3 வந்தால் வேலை சுலபம், கட்டடச் சாரத்துக்குப் போடும் பைப்பும் அதே அளவுதான். சாரம் கட்டும் சாமான் விற்கும் கடையில் ஒற்றைக் கிளாம்ப் 2 வாங்கிக்கொள்ளுங்கள். கிளாம்ப்பில் துத்தநாகப் பூச்சு இருந்தால், பட்டையை அதில் பற்ற வைக்கும் இடத்தில் அதை முழுக்கக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தப் புகை காய்ச்சலை இழுத்துவிடும், பற்றும் பிடிக்காது.

50 × 6 மிமீ பட்டையில் 80 மிமீ நீளத்தில் 2 துண்டு வெட்டி, நடுவில் 12.5 மிமீ துளை. போல்ட்டு எம்12 (12 மிமீ கனம்), 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண்), 80 மிமீ நீளம், முழு மரை. அதைப் பட்டையின் பின்பக்கமிருந்து நுழைத்து, முன்னால் ஒரு நட்டு போட்டு இறுக்குங்கள். போல்ட்டைப் பட்டையோடு பற்ற வைக்கக் கூடாது, 8.8க்கு இருக்கும் பலம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். பட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே போல்ட்டுத் தலை உட்கார இடம் வேண்டுமே, அதற்கு இரண்டு ஓரத்திலும் 10 மிமீ சதுரக் கம்பித் துண்டு வைத்து உயர்த்திப் பற்ற வையுங்கள்.

சத்தம் வராமல் இருக்க ரப்பர் வேண்டும். ஆனால் வெறும் ரப்பர் வாஷரை வைத்து இறுக்கினால், நாளாக நாளாக அது அமுங்கி நட்டு தளர்ந்துவிடும். 5 மிமீ ரப்பரில் 18 மிமீ ஓட்டை போட்டு, அதற்குள் 4 மிமீ நீள இரும்பு புஷ் (குட்டிக் குழாய்) ஒன்றை உட்கார வையுங்கள். இறுக்கும்போது ரப்பர் 1 மிமீ அமுங்கும், அதன்பின் இரும்போடு இரும்பு முட்டி நிற்கும். பிடியும் தளராது, சத்தமும் இருக்காது. லேத்தில் சொன்னால் புஷ் கடைந்து தருவார்கள்.

வெளியே பெரிய வாஷர், கையால் திருகும் நாப் நட்டு. போல்ட்டு நுனியில் 3 மிமீ துளை போட்டு ஆர் பின் (‘R’ வடிவக் கம்பிப் பின்) மாட்டுங்கள். காது நட்டு மட்டும் போட்டு விட்டால் கல்பாதை அதிர்வில் கழன்றுவிடும்.

கரட்டுமேடு:
ரொம்ப நன்றி அண்ணா. வெர்னியரில் 48 வருகிறது. ஜாக்கித் தண்டில் உள்ள ஓட்டைக்கு எம்12 ஆடாதா? இரண்டு போல்ட்டுக்கும் இடைவெளி எவ்வளவு வைப்பது?

கிளாம்ப்பும் கிரைண்டரும்:
ஒரிஜினல் தண்டில் ஓட்டை 14 மிமீ வரும். மற்ற ஜாக்கிகளில் கொஞ்சம் மாறும், அளந்து பாருங்கள். அந்த இடைவெளிக்கு போல்ட்டின் மேல் ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஏற்றினால் போதும். இடைவெளியைக் கணக்குப் போடவே வேண்டாம். கிளாம்ப் பைப்பில் நகரும். முதலில் ஒன்றை இறுக்கி, ஜாக்கியை மாட்டி, மற்றதைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டைக்கு நேராக நிறுத்துங்கள். 70 செமீக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்சாலை:
ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. போல்ட்டு அறுந்து இந்த ஸ்டாண்டு கெடாது, உருளைப் பைப்பில் கிளாம்ப் சுழன்றுதான் கெடும். ஜாக்கி கிட்டத்தட்ட 13 கிலோ. பள்ளத்தில் விழுந்து எழும்போது 5 மடங்கு என்று வைத்தாலும் 65 கிலோ, அதுவும் பைப் மையத்திலிருந்து 8 செமீ தள்ளித் தொங்குகிறது. பெயின்ட் மேல் போட்ட கிளாம்ப் வழுக்கும். ஒரு பட்டையிலிருந்து கை ஒன்று நீட்டி, கேஜின் சாய்வுக் காலில் இன்னொரு கிளாம்ப் போட்டுவிட்டால் சுழல வழியே இல்லை. முதல் 100 கிமீ ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். அதற்குள் பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

ஜாக்கியைப் பைப்பின் பின்கதவுப் பக்கம் மாட்டுங்கள். பின்சீட்டில் ஆள் உட்காருவார்கள் என்றால் தலை மட்டத்துக்கு வரவே கூடாது, அப்படி வந்தால் இந்த இடமே வேண்டாம். ஏறி இறங்கும் கனமான பகுதி ஒரு பிராக்கெட்டை ஒட்டியே இருக்கட்டும், கைப்பிடியைத் தண்டோடு சேர்த்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள். அடித்தட்டைக் கழற்றித் தனியாக வைத்தால் இடம் மிச்சம்.

இன்னொன்று, அந்த ஏறும் பகுதியில் இருக்கும் 2 பின்னும் அவற்றின் ஸ்பிரிங்கும் தூசி அடைத்தால் நின்றுவிடும். பழைய லாரி டியூபில் உறை தைத்து மூடுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம், செம்மண் அதில் அப்பிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.

ஓடைக்கரை:
ஸ்டாண்டு அடிப்பதற்கு முன் ஜாக்கி எங்கே பிடிக்கும் என்று பாருங்கள் நண்பரே. ஜிப்சியின் கம்பெனி பம்பர் தகடு ஹைலிஃப்டைத் தாங்காது, மடங்கிவிடும். சேசிஸில் போல்ட்டு போட்ட கனமான பம்பரோ தனி ஜாக்கிப் பிடியோ வேண்டும். நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், பாடியைத் தூக்கினால் சக்கரம் கீழேயே தொங்கும், வண்டியை வெகு உயரம் தூக்க வேண்டிவரும். சாய்ந்தால் தடுக்க எதுவும் இல்லை. பஞ்சருக்கு ஆக்ஸிலுக்கு அடியில் பாட்டில் ஜாக்கிதான். சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தூக்கி அடியில் கல் போட ஹைலிஃப்ட்.

கரட்டுமேடு:
பின் பம்பர் சேசிஸில் போல்ட்டு போட்டது, 4 மிமீ தகடு. பின்சீட்டை எப்போதோ கழற்றிவிட்டேன், யாரும் உட்காருவதில்லை. சாய்வுக் காலுக்கும் சேர்த்து 3 கிளாம்ப் வாங்கிவிடுகிறேன்.