ஓடுற 57 பெல் ஏர்: ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களோடு நம் அனுபவங்கள்

மிச்சிகன், டிராயிலிருந்து:

ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களை டியர்போர்னில் இருக்கிற ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் பலமுறை சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட வண்டி என்று எனக்குப் புரிந்தது, ஒரு 1957 செவர்லே பெல் ஏரின் முன்சீட்டில் உட்கார்ந்து டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் போனபோதுதான். புதுப்பித்த காரை ஓட்டவேண்டும். ஓட்டாமல் போர்வை போட்டு மூடி வைப்பதற்கா இவ்வளவு பாடு?

வண்டி எங்கள் தெருப் பெரியவருடையது. ஃப்ளின்ட்டில் பிறந்தவர், தொழிற்சாலை அச்சுகள் செய்யும் டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் இந்த வண்டி எலும்புக்கூடாக நின்ற காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு தின்று தரைத்தகடு சல்லடையாகியிருந்தது. 57 மாடலுக்கு இன்னொரு பலவீனம் ஹெட்லைட்டின் மேல் புருவம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. சக்கரம் வாரியடிக்கிற சேறு அதன் உள்பக்கம் போய் உட்கார்ந்து, வெளியே தெரியாமலே அரித்துவிடும். அந்தப் பாகம் இப்போது புதிதாகவே கிடைக்கிறது, பணம் கட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். பெரியவர் வாங்கவில்லை. தகட்டை வெட்டி, மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த வளைவைக் கொண்டுவந்தார்.

அதைவிட எனக்கு மறக்காதது ஈயம் பூசியது. அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் தகடுகள் சேரும் இடத்தை ஈயத்தால்தான் நிரப்பினார்கள், இன்றைக்குப் போல பட்டி போடவில்லை. அவரும் அப்படியே செய்தார். முகமூடி போட்டுக்கொண்டு, ஈயக்குச்சியைத் தீயில் காட்டி, அது முழுசாக உருகி ஓடுவதற்கு முன்னால் தேன்மெழுகு தடவிய மரத்துண்டால் வெண்ணெய் மாதிரி இழுத்துத் தடவினார். சூடு கொஞ்சம் கூடினால் மொத்தமும் வழிந்து தரையில் விழும், குறைந்தால் தகட்டில் ஒட்டாது. பெயின்ட் அடித்துவிட்டால் இதில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. கூரைக்கு இந்தியா ஐவரி என்ற வெள்ளை, மற்றதெல்லாம் டிராபிகல் டர்க்காய்ஸ் நீலப்பச்சை. இரண்டுமே அந்த வருடத்து செவர்லே நிறங்கள்தான். வருகிறவர்கள் எல்லாரும் பெயின்ட்டைத்தான் பாராட்டுகிறார்கள். நான் அந்த ஈய வேலையைத்தான் பாராட்டுவேன்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம். 1995-ல் ஃபெர்ன்டேலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்க நிதி திரட்டத் தொடங்கியது, இன்று பான்டியாக் ஊர் வரைக்கும் சாலை கொள்ளாத கார்கள். மிச்சிகனில் 26 வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் என்ற தனி நம்பர் பிளேட் வாங்கலாம். வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம் என்று சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தத் தடை இல்லை. பழைய காருக்கென்று சட்டத்தில் ஒரு மாதத்தையே ஒதுக்கிய ஊரில் வாழ்கிறோம் என்பதில் எனக்குப் பெருமை.

முன்சீட் ஒரே நீள பெஞ்ச். 283 கன அங்குல வி8, அதாவது 4.6 லிட்டர். பவர்கிளைடு என்ற தானியங்கி கியருக்கு முன்னே போக இரண்டே படி. முதல் படியிலேயே நீளமாக இழுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு தடவை மாறும். அதற்குப் பிறகு எஞ்சின் அடிக்குரலில் உறுமுவதோடு சரி. ஸ்டியரிங் மெலிசு, ஆனால் அகலமோ அகலம். பெரியவர் இரண்டு கையாலும் சுற்றித்தான் திரும்பினார். ஏசி கிடையாது. கண்ணாடி ஓரத்து முக்கோண ஜன்னலைத் திருப்பி வைத்தார், காற்று நேராக நெஞ்சில் அடித்தது. ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் வலையும் அலங்காரத்துக்கு இல்லையாம், வண்டிக்குள் வரும் காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. நான்கு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக், இன்றைய டிஸ்க் பிரேக் மாதிரி சட்டென்று நிறுத்தாது. அடுத்த சிக்னல் கண்ணில் படும்போதே அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். எனக்கு மூடி எங்கே என்றே தெரியவில்லை. இடது வால்துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் குரோம் பட்டையை அவர் கதவு மாதிரித் திறந்தார், உள்ளே இருந்தது.

1957 மாடலில் ஃபோர்டுதான் அதிகம் விற்றது என்கிறது கணக்கு. இன்றைக்கு உட்வர்டில் சின்னப் பிள்ளைகூட தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வது இந்த செவர்லேயைத்தான்.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, உங்கட பதிவை வாசிக்க எனக்கு ஹவானாதான் ஞாபகம் வந்தது. கனடாவிலயிருந்து கியூபாவுக்குப் போறது லேசு, குடும்பமாய்ப் போயிருந்தனாங்கள். கபிற்றோலியோ எண்ட பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால றோஸ், மஞ்சள், ஊதா எண்டு திறந்த கார்கள் வரிசையாய் நிக்கும். கனக்கக் கார்கள் முந்திக் கூரையோட இருந்ததுகள்தானாம், உல்லாசப் பயணியளுக்காகப் பிறகு வெட்டித் திறந்தது எண்டு சாரதி சொன்னார்.

நாங்கள் ஏறினது ஒரு 1955 செவ்ரோலெற். வெளியில பளபள எண்டு இருந்தது. பொனற்றைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டன், உள்ளுக்கை டீசல் எஞ்சின். வேற ஏதோ வாகனத்தில இருந்து கழட்டினது. எஞ்சினைத் தாங்கிற இரும்பை அவையளே வெட்டி ஒட்டியிருக்கினம். 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்திட்டுது, உதிரிப்பாகம் வாறது நிண்டு போச்சு. கையில கிடைச்சதை வைச்சு அறுபது வருசத்துக்கு மேல ஓட்டுகினம்.

எனக்கு இது புதுசில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணையில ஓடினதை நான் பாத்து வளந்தனான். முதல் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணைக்கு மாத்திறது. புகையும் மணமும் இப்பவும் மூக்கில நிக்குது. எங்கட மெக்கானிக்மார் லேத்தில கடைஞ்சு போடாத சாமான் இல்லை. அந்த ஹவானாச் சாரதி தன்ர எஞ்சினைக் காட்டினபோது, எங்கட ஊர் கராச்சில நிண்ட மாதிரியே எனக்கு இருந்தது.

உங்கட பெரியவற்ற கார் அச்சொட்டாய் 1957. ஹவானாக் கார் அப்பிடியில்லை. ஆனா ஓட வேணும் எண்டு நீங்கள்தான் சொல்லுறியள். அப்ப அதுவும் புதுப்பிச்ச கார்தானே?

டெக்சஸ், ஆஸ்டினிலிருந்து:

அண்ணா, இங்கே ஒரு 57 விற்பனைக்கு வந்திருக்கிறது. எனக்கு ரொம்ப நாள் ஆசை. சீட் பெல்ட் இல்லாத வண்டியில் குழந்தையை ஏற்ற விடமாட்டேன் என்கிறாள் என் மனைவி. போய்ப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

மிச்சிகன், டிராயிலிருந்து:

ரொறன்ரோத் தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஹவானாக் காரும் புதுப்பித்த கார்தான். பெரியவரிடம் சொன்னேன். எஞ்சினைத் தாங்கும் இரும்பை எப்படி ஒட்டியிருந்தார்கள் என்று கேட்டார், படம் இருந்தால் அனுப்புங்கள்.

ஆஸ்டின் தம்பி, உங்கள் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு பெல்ட் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ளும் சாமான். ஸ்டியரிங் தண்டு மடங்காது, மோதினால் நேராக நெஞ்சுக்கு வரும். பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழி, எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை அறை உள்ளதாக மாற்றலாம், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போடலாம், பெல்ட்டும் மாட்டலாம். பெரியவர் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றியிருக்கிறார். அசல் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படியே மாற்றினாலும் குழந்தையை இன்றைய காரில் கூட்டிப்போவதுதான் நல்லது.

பார்க்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே, பின்சக்கர வளைவு, ஹெட்லைட் புருவம் எல்லாம் வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் இழுக்கும். இழுக்காவிட்டால் உள்ளே பட்டி இருக்கலாம், ஈயமும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கித் தரையையும் பாருங்கள். டெக்சஸ் வண்டிகளில் உப்பரிப்பு குறைவு, வெயிலில் ரப்பரும் சீட்டும்தான் வெடித்திருக்கும், அது பெரிய செலவில்லை. முழு உடற்கூடே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆகவே வண்டி எவ்வளவு பழையது என்று பேச்சை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

முக்கியமானது வண்டியின் அடையாள எண் பொறித்த தகடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் இருக்கும். வி சி 57 என்று தொடங்கினால் வி8 பெல் ஏர், வி பி 57 என்றால் பெல் ஏருக்கு ஒரு படி கீழான 210 மாடல். அடுத்து எஃப் வந்தால் ஃப்ளின்ட்டில் கட்டியது. 210-க்கு பெல் ஏரின் பக்கப் பட்டையும் பொன்னிற கிரில்லும் மாட்டி, பெல் ஏர் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 210 ஒன்றும் மட்டமான வண்டியில்லை, அதே எஞ்சின்தான். 210 விலைக்குத் தந்தால் தாராளமாக வாங்குங்கள்.